என் ஈரலில் படிந்த கொழுப்பு

போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் இன்றுவரை ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. அவருடைய ஈரல் சுருங்கிவிட்டது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் என் காதோடு காதாகக் கேட்டது ஒன்றுதான்: “அவிய எம்புட்டு நாளாக் குடிக்காவ?” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு, தொப்பை எல்லாம் சேர்ந்து ஈரலில் கொழுப்பை ஏற்றி, நாளாக ஆக அது தழும்பேறி இறுகிவிட்டது. குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால் மறுபடி வளர்ந்துவிடுமாம். எங்கள் ஒரே பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகிறது; நான் தருகிறேன் என்றேன். ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என் ஈரலிலும் கொழுப்பு. இருவரும் ஒரே சட்டிச் சோறுதானே தின்றோம்!

“ஒங்களுக்கு இது ஆரம்பம்தாம்மா. எடையைக் குறைச்சா கொழுப்பு கரையும். பொறவு ஆபரேஷனுக்கு மதுரைக்கு அனுப்புறேன்” என்றார் டாக்டர்.

காலையில் கண்மாய்க்கரையில் நடந்தேன். இனிப்பையும் எண்ணெயையும் விட்டேன். சாயங்காலமானால் இவர் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, மூச்சு வாங்க முக்குக் கடைவரை நடந்து வாங்கி வருவார்.

“ஒடம்ப வெட்டிக் கொடுக்கப்போற. தெம்பு வேண்டாமா ஏட்டி? செத்த தின்னு.”

வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். நோயாளி மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று தின்றேன்.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு அப்படியே இருந்தது. எடையும் இறங்கவில்லை. இந்த நிலையில் அனுப்ப முடியாது என்று டாக்டர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “வேணும்னேதான் வாங்கிட்டு வந்தியளா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒன்னையும் படுக்கப்போட்டு வெட்டணுமா? ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆயிட்டா பிள்ளைக்கு யாரு இருக்கா?”

“ஒங்கள யாரு எனக்காவச் சாகச் சொன்னா?” பஸ் என்றும் பாராமல் கத்தினேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாளும் நடக்கப் போனேன். வீட்டுக்குள் பரோட்டா வரக்கூடாது என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன். கொழுப்பு கரைய எனக்கு இன்னும் சில மாதங்கள் வேண்டும். அவருக்கு அத்தனை மாதம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.