பருத்திமார்க் கோபுரம்

பத்தடிக்கு மேல் எழுப்பும் எந்தத் தற்காலிகக் கட்டுமானத்துக்கும் பொறியாளர் சான்று வேண்டும் என்பது விதி. ஓய்வு பெறும்வரை அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவன் நான். என் வீட்டுக்கு எதிரே கல்லூரி மைதானம். பொங்கல் விடுமுறைக்கு முன் கொளுத்துவதற்காக, இறுதியாண்டு மாணவர்கள் போன வெள்ளாமையில் பஞ்சு எடுத்தபின் காய்ந்த செடிகளான பருத்திமாரைச் சவுக்குக் கம்புகளில் கட்டிக் கோபுரம் எழுப்புவார்கள். முந்தைய வருடத்தைவிட ஓரடியாவது உயர வேண்டும் என்பது அவர்கள் விதி. இந்த ஒரு விதியை மட்டும் இந்த ஊரில் யாரும் மீறியதில்லை.

அந்த மார்கழியில் மழை பெய்து மைதானத்துக் கரிசல் மண் சேறானது. கம்புகள் சாயத் தொடங்கின. உரிய அலுவலகத்துக்கு, உரிய நகல்களுடன், கோபுரத்தைத் தடுக்கக் கோரி மனு அனுப்பினேன். உச்சியில் ஏறிக் கரும்பு கட்ட வேண்டியவன் என் மாடியில் குடியிருந்த மாணவன்.

“ஏலே, ஈரக் கரிசல்ல கம்பு நிக்காது. ஏறாத.”

“நீங்க மனு எழுதுங்க சார், நாங்க கோபுரம் கட்டுதோம். எது மொதல்ல முடியுதுன்னு பாப்போம்.”

கல்லூரி முதல்வரிடம் ஓடினேன்.

“நீங்கதான மனு குடுத்திருக்கீங்க? அது மேலிடத்து விசாரணையில இருக்கு. பதில் வராம நாங்க தலையிட்டா நல்லாருக்காது” என்றார். முறைப்படி அது சரிதான்.

மாணவன் கரும்போடு ஏறினான். கோபுரம் அடியோடு சரிந்தது. பருத்திமாருக்கு அடியிலிருந்து அவனை எடுத்தபோது உயிரில்லை.

‘மாணவர்கள் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற பதில், பதிவுத் தபாலில், அவனுடைய பதினாறாம் நாள் காரியத்தன்று வந்து சேர்ந்தது.