செஞ்சிக் கோட்டை வாசலில் சாவிக்கு நலங்கு

என் அக்கா மகள் மலர்விழிக்குத் திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணி. அசல் சான்றிதழ்கள் கட்டாயம், தாமதமாக வந்தால் அனுமதியில்லை என்று கடிதத்தில் கண்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ பஸ்ல போவியா?" என்று மூன்று தெருவுக்குக் கேட்கும்படி முழங்கினேன். கார் வாங்கி ஒன்பதாவது நாள் அது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கார்தான். ஆனால் சாவியைச் சொருகித் திருகும் பழைய வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. ரிமோட் பையில் இருந்தால் போதும், பட்டனைத் தொட்டதும் வண்டி உறுமும். அந்த உறுமலுக்குத் திண்டிவனம் ஏரியே அலையடித்தது என்றால் நம்பவா போகிறீர்கள்?

காலை 7.15க்குக் கிளம்பினோம். செஞ்சி 28 கிலோமீட்டர், சாலை நன்றாக இருக்கிறது. ஊரை ஒட்டிய சிங்கவரத்தில் குடைவரைக்குள் பள்ளிகொண்ட பெருமாள் எங்கள் குலதெய்வம். புது வண்டியை அவருக்குக் காட்டாமல் தாண்டிப் போக முடியுமா? படியேறினோம். பட்டர் சாவியைப் பெருமாள் பாதத்தில் வைத்து எடுத்து, துளசியோடு கொடுத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாங்கிய சந்தனத்தை ரிமோட்டின் நெற்றியில் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தேன். தீர்த்தம் வந்தபோது ரிமோட் இருந்த அதே கையை நீட்டினேன்.

"மாமா, அது எலக்ட்ரானிக் மாமா!" என்றாள் மலர்.

"பெருமாளுக்குத் தெரியாத எலக்ட்ரானிக்கா?" என்றேன்.

ரிமோட் அப்போது ஒழுங்காக வேலை செய்தது. என் தலைக்கனம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உயரத்துக்கு ஏறியது.

கோட்டைக்கு 9.30க்கு வந்தோம். நுழைவுக் கட்டணம் தலைக்கு 25 ரூபாய். நேரம் இருக்கிறதே என்று கல்யாண மகால், நெற்களஞ்சியம் பார்த்தோம். மலையேறவில்லை. ஏறியிருந்தால் கோட்டை என்னைத் தாங்கியிருக்காது. பதினோரு மணிக்குத் திரும்பி வந்து ரிமோட்டை அமுக்கினேன். ஒன்றுமில்லை. நெருங்கி அமுக்கினேன். கண்ணாடியில் ஒட்டி அமுக்கினேன். வண்டியைச் சுற்றி வந்து நான்கு திசையிலிருந்தும் அமுக்கினேன். எத்தனையோ படைகள் முற்றுகையிட்ட ஊரில், நான் முற்றுகையிட்ட கார் மட்டும் பணியவில்லை.

பின்சீட்டில் சான்றிதழ்க் கோப்பு கண்ணாடி வழியே தெரிந்தது. மலர் அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வாசலில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். "இன்னா சார், வண்டிய சுத்தி சுத்தி வர்றீங்க? வேண்டுதலா?"

"கதவு தொறக்கல மா."

"பேட்டரி போய்ட்டாட்டம் இருக்குது. பஜார்ல வாட்ச் ரிப்பேர் கடை இருக்குது, அங்க போங்க. கொரங்கு வராம வண்டிய நான் பாத்துக்கறேன்."

ஆட்டோவில் பஜாருக்கு 80 ரூபாய். கடைக்காரர் என் வயதுக்காரர். 2032 என்று எண் போட்ட வட்ட பேட்டரியைப் புதிதாக எடுத்து, மாற்றுவதற்காக ரிமோட்டைப் பிளந்தார். உள்ளே பார்த்தவர் கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், சாவிக்கு நலங்கு வச்சீங்களா?"

சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து பட்டனின் கீழே பாறையாகியிருந்தது. பேட்டரி முனையில் குங்குமம். நான் கூரையின் மின்விசிறியை ஆராய்ந்தேன்.

"தீர்த்தமும் குடுத்தாரு," என்றாள் மலர். காட்டிக்கொடுப்பதில் அவள் அப்படியே என் அக்கா.

ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, புது பேட்டரி போட்டார். ஆனாலும் ரிமோட்டின் சிறுவிளக்கு எரியவில்லை. "உள்ள ஈரம் இருக்குது. சாயங்காலம் வரைக்கும் காயணும்." மணி 11.50. மலரின் முகம் சுருங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே ரிமோட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி வந்தது! ஒன்பது நாளாக என் பையிலேயே இருந்திருக்கிறது.

"கைப்பிடிகிட்ட ஒரு மூடி இருக்கும், அத எடுத்துட்டு இத போட்டுத் தொறங்க. வண்டி கத்தும், பயப்படாதீங்க. பிரேக்க மிதிச்சிட்டு ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டி அமுக்குங்க. உள்ள ஒரு சின்ன சிப்பு இருக்குது, பேட்டரி இல்லன்னாலும் வண்டி அத கண்டுபுடிச்சிடும்."

பேட்டரிக்கு 60 ரூபாய் வாங்கினார். துடைத்ததற்கு வாங்க மறுத்துவிட்டார். சாமி காரியமாம்.

கோட்டைக்குத் திரும்பிக் கதவைத் திறந்தேன். கார் அலறிய அலறலில் குரங்குகள் அடுத்த மலையான சந்திரகிரிக்கே குடிபெயர்ந்தன. ரிமோட்டை ஒட்டி அமுக்கினேன். கிளம்பவில்லை. "மாமா, பிரேக்கு!" என்று மலர் அந்த அலறலுக்கு மேல் கத்தினாள். மிதித்தேன். உறுமியது. அலறல் அடங்கியது. வெள்ளரிக்காய் அம்மா கைதட்டி, மலர் கையில் ஒரு வெள்ளரிக்காயைத் திணித்தார். மணி 12.20.

இன்னும் 37 கிலோமீட்டர். 1.25க்குக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டேன். வெள்ளரிக்காயைக் கடித்தபடி கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். செஞ்சிக்குத் தண்ணீரோடு காலையிலேயே போங்கள், தின்பண்டத்தைக் குரங்குக்குக் காட்டாதீர்கள். கிளம்புமுன் உங்கள் ரிமோட்டின் இரும்புச் சாவி எங்கே ஒளிந்திருக்கிறது, கதவில் துவாரம் எங்கே என்று வீட்டிலேயே திறந்து பாருங்கள். வண்டியைக் கிளப்ப ரிமோட்டை எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். முக்கியமான காகிதங்களைக் காரில் வைத்துவிட்டுக் கோட்டை பார்க்கப் போகாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்கான உத்தரவு வந்தது. பெருமாளுக்கு நன்றி சொல்ல அவளே காரோட்டி என்னைச் சிங்கவரம் அழைத்துப்போனாள். சன்னதியில் ரிமோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இரும்புச் சாவியை மட்டும் உருவி என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க மாமா. இதுக்கு எவ்ளோ வேணாலும் பூசுங்க."