மாஸ் என்றால் கனம்

நான் செய்த ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே பாடும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் ‘டம்’ என்று இடிக்கும். அப்புறம் சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ‘டப்’ என்று ஓர் அடி. சாதத்தில் கல் கடிபடுவது போல நல்ல பாட்டுக்கு நடுவே அது வரும்.

பேரன் பிறக்கும்வரை வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மகள் பிரசவமாகி மூலக்குளத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை தொடங்கியது. ஒவ்வொரு ‘டப்’புக்கும் குழந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைகளை விரித்துக்கொண்டு வீறிட்டு அழுதான்.

“ஞாயித்துக்கிழம புள்ளைக்குப் பேர் வைக்கறோம். அதுக்குள்ள இது வாய மூடணும். இல்லன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துடுவேன்,” என்றாள் என் மனைவி. அவள் சொன்னால் செய்வாள்.

எனக்கோ வேறு ஆசை. பேரனுக்குப் பேர் வைக்கிற அன்று, அவன் காதில் விழுகிற பாட்டு நான் செய்த பெட்டியிலிருந்து வரவேண்டும். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. “பாக்கலாம்,” என்று மட்டும் சொன்னேன்.

முதலில் டிரான்சிஸ்டர்களைச் சந்தேகப்பட்டேன். நெல்லித்தோப்புக் கடையில் புதிதாக வாங்கி வந்து மாற்றினேன். அதே ‘டப்’. கெப்பாசிட்டர்களை மாற்றினேன். இன்னும் கம்பீரமாக ‘டப்’. பிறகு ஃபிரிட்ஜ்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, அதை நிறுத்திவிட்டுச் சோதனை செய்தேன். ஆம்ப்ளிஃபயர் சாதுவாகப் பாடியது. அந்த மகிழ்ச்சியில் ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிட்டேன். இட்லி மாவு பொங்கி, தட்டுத் தட்டாக வழிந்து, காய்கறி டிரே வரை இறங்கியிருந்தது. அன்று அதைக் கழுவியதும் நான்தான்.

சர்க்யூட்டில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் அது பிரெஞ்சுச் சர்க்யூட். சண்டே மார்க்கெட் நடைபாதையில் கிடைத்த ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பலரைப் போல நானும் மார்க்குக்காகப் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவன். மார்க்கும் வந்தது. பிரெஞ்சுதான் வரவில்லை. என் மனைவியோ சொல்தா வீட்டுப் பெண்; அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வீட்டார் முன்னால் எனக்கும் பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. அதனால் பத்திரிகையை எப்போதும் சத்தமாகத்தான் படிப்பேன்.

சனிக்கிழமை மதியம் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். எல்லா ஒயர்களையும் ‘மாஸில்’ இணைக்க வேண்டும் என்று ஒரு வரி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“மாஸ்னு எதுல கட்டியிருக்கீங்க?”

“டிரான்ஸ்ஃபார்மர்லதான்.”

“அதுல எதுக்கு?”

“மாஸ்னா கனம். பெட்டியிலயே கனமான சாமான் அதான?” என்றேன். பாடத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் பொருள் படித்திருந்தேன்.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மகள் எட்டிப் பார்த்தாள். குழந்தைகூட விழித்துக்கொண்டது, அந்த ஒரு முறை பழி என் மேல் இல்லை.

“எங்கப்பா மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பண்றப்ப, பேட்டரிலேந்து பாடிக்குப் போற கறுப்பு ஒயரத்தான் மாஸ்னு சொல்வாரு. எர்த்துங்க அது. எடைக்குப் போடற கனமில்ல.”

திறந்து பார்த்தேன். பாட்டு வருகிற ஒயர், ஸ்பீக்கர் ஒயர், எல்லாவற்றின் எர்த் முனையையும் மின்சாரம் புகாத வார்னிஷ் பூசிய டிரான்ஸ்ஃபார்மர் இரும்பில் பக்தியோடு முறுக்கியிருந்தேன். பட்டும் படாமலும் அவை தொங்கிக்கொண்டிருந்தன. ஃபிரிட்ஜ் லேசாகக் கனைத்தாலே ஸ்பீக்கர் துள்ளியதில் என்ன ஆச்சரியம்? எல்லாவற்றையும் கழற்றி, பெரிய கெப்பாசிட்டர்கள் சேரும் எர்த் புள்ளியில் ஒன்றாகப் பற்றவைத்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் இடி நின்றுவிட்டது. சுவிட்ச் போடும்போது மட்டும் தொண்டையைச் செருமுவது போல ஒரு சின்னச் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பேர் வைத்து முடிந்தது. உறவுக்காரர்கள் சாப்பிட உட்காருவதற்குள் ‘மாஸ்’ கதை அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு அந்தப் பேரே வைத்துவிட்டார்கள். நான் காதில் வாங்காதவன் போல என் பெட்டியில் நாதஸ்வரப் பாட்டை மெல்லப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி வந்து குழந்தையை என் மடியில் கிடத்தினாள்.

“இந்தாங்க, உங்க மாஸ். இந்த வீட்லயே கனமான சாமான் இப்ப இதான். எல்லா ஒயரையும் இதுல கட்டிக்குங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியது, குழந்தை அசையவில்லை. கை மரத்துப்போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.