இடது கை

நான் காய்ச்சலோடு நடவுக்குப் போன அன்று, என் பங்கு நாற்றையும் சேர்த்து நட்டுக்கொண்டே ஈஸ்வரி கேட்டாள்: “நேத்து நாடகத்துல அந்தக் கிளிக்கூண்டு ஏன் தொறந்தே கெடக்கு? யாராச்சும் யோசிச்சீங்களா?” வரிசை முழுக்கக் கிளியைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தது. நான் பின்தங்குவதை வரப்பில் நின்ற வயல்காரர் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்காகத்தான் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வலங்கைமான் பக்கம் எங்கள் நடவுக் கூட்டத்துக்கு அவள்தான் முன்னத்தி; அவள் இறங்கினால்தான் வரிசை இறங்கும். செல்போனைப் பாலிதீன் பையில் சுற்றி, தலைத்துண்டுக்குள் செருகியிருப்பாள். ஞாயிறு இரவு வருகிற மர்மத் தொடரைத் திங்கட்கிழமை சேற்றில் இறங்கியதும் பிரித்துப் போடுவாள். பெரிய வீட்டின் இளைய மகன் பால் குடித்துச் செத்துப்போகிறான். விஷம் வைத்தது யார் என்பதுதான் கதை. திரைச்சீலையின் நிறம், நின்றுபோன கடிகாரம், காய்ந்த துளசி, எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் உண்டு. “டைரக்டரு சும்மா வைப்பானா?” என்று கேட்கும்போது சேறு சொட்டும் விரலை நீதிபதி மாதிரி நீட்டுவாள்.

ஒரு திங்கட்கிழமை அப்படி விரலை நீட்டி, “பால் டம்ளர நீட்டுன கையப் பாத்தீங்களா? மொகத்தக் காட்டல, கைய மட்டும் காட்டுறான். எடது கை. அந்த வீட்டுல எடது கைக்காரி யாரு? மூத்த மருமவ. அவதான்,” என்றாள்.

“போங்க அத்தை, கணக்குப்பிள்ளதான்,” என்றாள் எதிர்க்கட்சி வானதி. பிறகு வாய் சும்மா இராமல், “எடது கைன்னா, நம்ம வரிசையிலயும் ஒரு மூத்த மருமவ இருக்காளே!” என்றாள்.

சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது.

மாலதிக்கு இடது கைப் பழக்கம். பக்கத்தில் இருப்பவள் கையில் இடிக்கும் என்று எப்போதும் வரிசையின் இடது ஓரத்தில், வரப்பை ஒட்டித்தான் நடுவாள். அவளுடைய கொழுந்தன் போன ஆடியில் குடமுருட்டி ஆற்றில் குளிக்கப் போய், பிணமாகத்தான் கரை சேர்ந்தான். வீட்டில் பாகம் பிரிக்காத நிலம் இருந்தது. போலீஸ் விசாரித்து, கால் வழுக்கி விழுந்த சாவுதான் என்று எழுதிவிட்டுப் போனது. ஊர் வாய் மட்டும் மூடவில்லை. மாலதி தலை நிமிராமல் நட்டுக்கொண்டே போனாள்.

மறுநாள் டீ கொண்டுவரும் முறை மாலதியுடையது. தூக்குவாளியைத் திறந்து முதல் டம்ளரை நீட்டினாள். “எனக்கு நெஞ்சு கரிக்குது,” என்றாள் வானதி. அடுத்தவளுக்கு விரதம். இன்னொருத்திக்குச் சர்க்கரை. நானும் முருகா முருகா என்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீட்டிய டம்ளர் நீட்டியபடியே இருந்தது. டீயில் ஆடை படிந்தது.

வாய்க்காலில் கை கழுவிவிட்டு வந்த ஈஸ்வரி ஒரு நிமிஷம் பார்த்தாள். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். “இன்னொன்னு ஊத்து,” என்றாள். அதையும் குடித்தாள்.

“நேத்து நான் சொன்னது தப்பு.”

“அடிச்சுச் சொன்னீங்களே அத்தை!” என்றாள் வானதி.

“கண்ணாடியில பாத்தா வலது கையும் எடதாத்தாண்டி தெரியும். கண்ணாடிய வச்சி எடுத்திருப்பான்.” பிறகு அவள் குரல் இறங்கியது. “நாடகத்துல செத்தவனுக்குக் கதை எழுத ஆளு இருக்கு. ஆத்துல போனவனுக்கு நாம எழுத வேணாம். என்னாலதான் வந்துச்சு. குடிங்கடி.”

யாரும் உடனே எழவில்லை. கடைசியில் வானதிதான் கையை நீட்டினாள்.

டீ முடிந்து இறங்கியபோது, மாலதிக்குப் பக்கத்தில் நடுபவள் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றாள். “உள்ள போடி,” என்று மாலதியை அந்த இடைவெளிக்குள் தள்ளிவிட்டு, ஈஸ்வரி ஓரத்தில் நின்றாள். இவளுடைய வலது கையும் அவளுடைய இடது கையும் மாலை வரை இடித்துக்கொண்டே இருந்தன. இத்தனை வருஷத்தில் ஈஸ்வரி நட்ட நடவு கோணலாகப் போனது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு தொடர் முடிந்தது. கொலை செய்தது மூத்த மருமகளேதான். “அத்தை, நீங்க சொன்னதுதான் கரெக்டு! இப்படிச் செயிச்சுட்டு சும்மா இருக்கீங்களே!” என்று மறுநாள் வயலில் வானதி கத்தினாள்.

“நான் எங்கடி பாத்தேன், கரண்டு இல்ல,” என்று ஈஸ்வரி குனிந்து நாற்றுமுடியை அவிழ்த்தாள். அவள் வீடு எனக்கு எதிர்வீடு. ஞாயிறு இரவு கரண்டு போகவே இல்லை. அந்தப் பொய்யை ஆத்தா மன்னித்திருப்பாள்.

போன வாரம் ஈஸ்வரி தன் மகள் பிரசவத்துக்காகப் பூதலூர் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். “அக்கா, நான் வர்ற வரைக்கும் மாலதிய ஓரத்துக்கு விட்டுடாதீங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க. கை இடிக்கும். இடிச்சா இடிக்கட்டும்.”