தாராவி டூட்டியும் இசக்கிமுத்துவின் ஊசியும்

டாக்டர் படிப்பில் பரீட்சையைவிட ஆளை அசத்திப்போடுவது, கடைசியில் வரும் சமூக சேவை டூட்டிதான். அதில் மாட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில், பம்பாயில், நான் மாதுங்காப் பெண், தமிழ் தெரியும் என்பதற்காக என்னைத் தாராவி மருந்தகத்தில் போட்டார்கள்.

கொதித்த தண்ணீர்

பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கோடு குழந்தையைத் தூக்கி வந்த ஒரு திருநெல்வேலிக்காரியிடம், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொன்னார். சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"கொதிக்க வைக்கேன் டாக்டரம்மா. எங்க சந்துல தண்ணி எப்ப வரும்னு அவருகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

வராத நோயாளி

இசக்கிமுத்து தோல் கம்பெனியில் வேலை செய்தவர். காசநோய். தினமும் ஊசி போட வேண்டும். கொஞ்ச நாள் வந்தார், பிறகு நின்றுவிட்டார். பாதியில் விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். போய்ப் பார்க்கட்டுமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இந்த ஜனங்களுக்கு உயிர்மேல் அக்கறை கிடையாது. நீ ஏன் வெயிலில் அலைகிறாய்?"

சந்துக்குள்

அலைந்தேன். ஈரத்தோல் நாற்றத்தில் தலை சுற்றியது. இசக்கிமுத்து வேலை முடிந்து வந்து குடிசை வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். மருந்தகம் திறக்கும் நேரம்தான் கம்பெனியில் ஆள் எடுக்கும் நேரமாம். தாமதமாகப் போனால் முகாதம், அதாவது ஆள் எடுக்கும் மேஸ்திரி, காரணம் கேட்பான். சீக்கு என்று தெரிந்தால் நிறுத்திவிடுவான்.

"ஊசிக்கு வந்தா வேல போயிரும். வேல போனா ஊருக்குத்தான் போவணும். அங்க யாரு எனக்கு ஊசி போடுவா?"

விடியற்காலை

நேரத்தை மாற்ற முடியாது என்றார் பெரிய டாக்டர். நர்ஸ் மேரி சிஸ்டரிடம் புலம்பினேன். மறுநாள் விடியற்காலையில் சிஸ்டரே கதவைத் திறந்து வைத்திருந்தார். நானும் தூக்கக் கலக்கத்தோடு போய்ச் சேர்ந்தேன். சொல்லி அனுப்பியதும் இசக்கிமுத்து தினமும் தவறாமல் வந்தார். பின்னாலேயே அதே கம்பெனி ஆட்கள் சிலர், ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி வந்து நின்றார்கள். மழைக்காலத்துக்குள் அவருடைய இருமல் அடங்கி, உடம்பில் சதை பிடித்தது.

என் டூட்டி முடிந்த அன்று, அடுத்து வரும் டாக்டரும் விடியற்காலையில் வருவாரா என்று இசக்கிமுத்து கேட்டார். மேரி சிஸ்டர் ஊசியைக் கொதிநீரில் போட்டபடியே சொன்னார்:

"யார் வந்தா என்ன, நான் இங்கதான இருக்கேன். நீ வா."

சமூக சேவை முடித்ததாகக் கல்லூரி எனக்குச் சான்றிதழ் தந்தது. சமூகத்துக்கு என்னவோ நான் டூட்டி மாறிப் போன இன்னொரு டாக்டர்தான்.