ஞாயிற்றுக்கிழமை மழை

தேயிலைத் தோட்ட ஆபீஸில் காலையில் மழையளந்து புத்தகத்தில் எழுதுவது என் வேலை. எவ்வளவு மழை பெய்தால் ஹட்டன் டவுனில் வெள்ளம் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் ஒரு அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்க்க வந்தார். ஒல்லியான உருவம், காலில் நனைந்த சப்பாத்து. ஒவ்வோர் எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்த பிறகே கம்ப்யூட்டரில் தட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருப்பதைக் கண்டு திடீரென்று சிரித்தார். "ஏண்ணே, உங்க தோட்டத்துல மழைக்கும் ஞாயித்துக்கிழமை லீவா?"

"ஆபீஸ் பூட்டியிருக்கும்ங்க. திங்கக்கிழமை ரெண்டு நாள் மழையையும் சேத்து எழுதிருவேன்."

"மத்த தோட்டத்துலயும் இப்படித்தானா?"

"எல்லா எடத்துலயும் அப்படித்தாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, மத்த தோட்டங்க அனுப்புன திங்கக்கிழமைக் கணக்கையெல்லாம் ஒரு நாள் மழைன்னு நெனச்சிட்டேனே! அப்பெல்லாம் வெள்ளம் வரலையேன்னு, ஒரே நாள்ல அவ்வளவு பேஞ்சாலும் டவுன் தாங்கும்னு கணக்குப் போட்டு, வெள்ள எச்சரிக்கை குடுக்குறவங்களுக்கு அனுப்பியாச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "எம் மக டவுன்ல ஓடைக்கரையிலதாங்க குடியிருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. "நான் திருத்தி அனுப்புறேன். அதுவரைக்கும் மழை வலுத்தா நீங்களே மகள மேல தோட்டத்துக்கு வரச் சொல்லிருங்கண்ணே. எங்க வெள்ள அறிவிப்ப எதிர்பாக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

தன் கணக்கை நம்ப வேண்டாம் என்று சொன்ன படித்தவர் வேறு யாரையும் நான் கண்டதில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.