தன் வளாகத்தைத் தானே சிறிதாக்கியவர்

செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவுக்கு அருகே லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் ரயில் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவள் ஆரணி, தவமலர் அக்காவின் மகள்.

“அன்ரி, காலமை சிக்கேஹுஸில இருந்து எடுத்தவை. அம்மா போட்டா,” என்றாள். மருத்துவமனையை அந்தப் பிள்ளை எப்போதும் நோர்வேச் சொல்லால்தான் சொல்வாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. என் ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. எதிர் மேடையில் முதுகுப் பைகளோடு மாணவர்கள் கூட்டமாக நின்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற ரயிலுக்காக நின்றவர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்த நேரத்தில் அந்த மேடை வெறிச்சோடிக் கிடக்கும். அவர்களை அங்கே நிற்கவைத்த பெண் அன்று காலையில் இறந்துவிட்டார் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

உங்களில் பலர் தவமலர் அக்காவைத் தமிழ்ப் பாடசாலை விழாக்களில் பார்த்திருப்பீர்கள். முன் வரிசையில் இடம் கொடுத்தாலும் பின்னால் போய்ப் பிள்ளைகளோடு இருப்பார். வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைசெய்துகொண்டே மொழி படித்தவர், பிறகு ஒஸ்லோ வந்து பொருளியல் படித்தவர், கடைசியில் எங்கள் நகரசபையின் நிதிக்குழுத் தலைவரானவர். அந்தக் கதையை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்ததற்குக் காரணம் வேறு. அவர் செய்த மிகப் பெரிய காரியத்தை எதிர்த்து நின்ற குடியிருப்போர் சங்கத்தின் தலைவி நான். அவரை எதிரே நின்று பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

ஒரு பல்கலைக்கழகம் எங்கள் ஊரில் புதிய வளாகம் திறக்க விரும்பியது. அரசு ஒரு பங்கைத் தரும், மீதியை ஊர் தேடவேண்டும். நகரசபையிடம் அவ்வளவு பணம் இல்லை. பக்கத்து ஊரோ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அப்போதுதான் தவமலர் அக்கா ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். கடன் எடுத்துக் கட்டுவோம். வளாகம் வந்தால் சுற்றியுள்ள நிலத்துக்கும் வீட்டுக்கும் விலை ஏறும், புதிய கடைகளும் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழும். ஆகவே அந்தப் பகுதியிலிருந்து வரும் சொத்து வரியும் வளரும். இப்போது வருகிற வரியில் கைவைக்க வேண்டாம். வளர்கிற பகுதியை மட்டும் கடனுக்குக் கட்டுவோம். வரைபடத்தில் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டிருந்தார். எங்கள் வரிசை வீடுகள் அந்தக் கோட்டுக்குள் இருந்தன.

ஒரு சனிக்கிழமை, பாடசாலை விளையாட்டு மண்டபத்தில் ஊர்க் கூட்டம். தவமலர் அக்கா ஒரு தாளையும் பார்க்காமல் பேசினார். நோர்வேக்காரர்களே பேசத் தயங்குகிற வரி விடயத்தை, சமையல் குறிப்புச் சொல்வது போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன்: விலை ஏறாவிட்டால் கடனை யார் கட்டுவது? மண்டபம் கைதட்டியது. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லோரும் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தபோது நேராக என்னிடம் வந்தார்.

“நீர் சாந்தி தானே? நல்ல கேள்வி. ஆனா அது சின்னக் கேள்வி. பெரிசை விட்டிட்டீர்.”

“எது பெரிசு அக்கா?”

“விலை ஏறினால் என்ன நடக்கும் எண்டு கேட்டிருக்கவேணும். நாளைக்கு வீட்டில நிப்பீரோ? நான் வாறன்.”

சொன்னபடி மறுநாள் தனியாக வந்தார். எனக்கு வியப்பைவிடச் சந்தேகம்தான் அதிகம். ஆளை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்துத் தேநீரைக்கூடச் சற்றுத் தாமதமாகத்தான் கொடுத்தேன். அவர் அதைக் கவனித்துச் சிரித்தார்.

“என்ர கட்சியில ஒருத்தரும் என்னை எதிர்த்துக் கதைக்கினமில்லை. எல்லாரும் தலையாட்டினம். அது எனக்குப் பயமாக் கிடக்கு. நீர் எதிர்க்கிறீர், அதால உம்மட்டை வந்தனான். எதிர்க்கிறதை வடிவா எதிர்க்கவேணும்.”

பிறகு திட்டத்தை அடியிலிருந்து விளக்கினார். எங்கே அது பலமானது, எங்கே அவருக்கே உறுதியில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அரசியலில் இருக்கிற ஒருவர் தன் எதிராளியின் சமையலறை மேசையில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கேட்டு முடித்ததும் நான் சொன்னேன்: “எனக்கு விளங்குது அக்கா. ஆனா நீங்கள் கதைக்கவேண்டிய ஆள் நானில்லை. பக்கத்து வீட்டுக்கு வாங்கோ.”

பக்கத்து வீட்டில் ரக்ன்ஹில்ட் இருந்தார். சிறுவர் பாடசாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், கணவர் போனபின் தனியாக வாழ்பவர். நாங்கள் போனதும் வாஃபிள் சுட்டு, மேலே பழுப்புச் சீஸ் சீவி வைத்தார். அவருக்கு வளாகத்தின் மேல் கோபம் இல்லை. தன் பேரப்பிள்ளை அங்கே படிக்கட்டும் என்றுதான் அவரும் விரும்பினார். ஆனால் நோர்வே மொழியில் அவர் நிதானமாகச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

“என் வீட்டின் விலை ஏறும் என்கிறீர்கள். நான் வீட்டை விற்கப் போவதில்லையே. விலை காகிதத்தில்தான் ஏறும். வரியை நான் ஓய்வூதியத்திலிருந்து கட்டவேண்டும். ஓய்வூதியம் ஏறுமா?”

ரக்ன்ஹில்ட் மறுபடியும் கேட்டார். “வளாகம் வருவதற்காக நான் இங்கிருந்து போகவேண்டுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

அக்கா வாஃபிளை முழுவதும் சாப்பிட்டார். இன்னொன்று வைத்தபோது அதையும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டியவர் நிமிர நெடுநேரம் எடுத்தது. “சாந்தி, அந்தக் கோட்டை நான் மேசையில வைச்சுத்தான் கீறினனான். உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டு வந்து பாக்கேல்லை,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. பிறகு பனி உருகிய பாதையில் நிலையத்தை நோக்கி நடந்து போனார்.

வாக்கெடுப்பு நாள் வந்தது. நானும் ரக்ன்ஹில்டும் பார்வையாளர் வரிசையில் இருந்தோம். திட்டத்துக்குத் தெளிவான பெரும்பான்மை இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை முதல் நாளே அப்படித்தான் எழுதியிருந்தது. நாங்கள் தோற்பதைப் பார்க்கத்தான் போயிருந்தோம். வளாகத்தின் மாதிரி உருவம் மண்டப வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கண்ணாடிக் கூரை, பெரிய கேட்போர் கூடம், நடுவில் மரங்கள். அழகாகத்தான் இருந்தது. ரக்ன்ஹில்ட் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

தவமலர் அக்கா மேடை ஏறினார். தன் திட்டத்துக்குத் தானே ஒரு திருத்தம் கொண்டுவருவதாகச் சொன்னார். ஏற்கெனவே மக்கள் குடியிருக்கும் வீடுகள் எல்லாம் கோட்டுக்கு வெளியே போகவேண்டும், அவற்றின் வரி ஏறக்கூடாது. புதிதாக எழும் கட்டடங்களிலிருந்தும் வணிகச் சொத்துகளிலிருந்தும் வளர்கிற வரி மட்டுமே கடனுக்குப் போகவேண்டும். அந்தப் பணத்தில் வாசலில் இருக்கும் மாதிரி உருவத்தைப் போலக் கட்ட முடியாது. ஆகவே பாதி வளாகத்தை இப்போது கட்டுவோம், கேட்போர் கூடத்தையும் கண்ணாடிக் கூரையையும் விடுவோம்.

உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, இதைக் கேட்டால் பல்கலைக்கழகம் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று உரத்துச் சொன்னார்.

“போகலாம். நேற்று அவர்களிடம் பேசினேன். வாக்குறுதி தரமாட்டோம் என்றார்கள். அதையும் தெரிந்துகொண்டு வாக்களியுங்கள். கட்டடம் பத்து வருடம் பிந்தி வந்தாலும் கட்டடம்தான். இந்த வீடுகளில் இருப்பவர்கள் ஒருமுறை போனால் திரும்பி வரமாட்டார்கள்,” என்றார் தவமலர் அக்கா. நோர்வே மொழியில் அவர் பேசிய அந்தச் சில வசனங்களில் ஒரு சொல் தடுமாறவில்லை. என் பக்கத்தில் இருந்த ரக்ன்ஹில்ட் கைக்குட்டையைத் தேடினார்.

திருத்தம் மிகச் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அவருக்குச் சுலபமானவை அல்ல. பல்கலைக்கழகத்திடமிருந்து பதில் இல்லை. கடையில் அவரைக் கண்டு முகம் திருப்பியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். “எங்கட பிள்ளையளுக்கு வரவேண்டிய யூனிவர்சிற்றியை ஒரு தமிழ்ப் பெண்ணே கெடுத்துப்போட்டா,” என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். நான் ஒருநாள் தவமலர் அக்காவை அழைத்து, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“பயம்தான். நித்திரையே வரேல்லை. ஆனா முந்தி வந்த நித்திரையை விட இது பரவாயில்லை,” என்றார்.

பல்கலைக்கழகம் கடைசியில் சிறிய வளாகத்துக்குச் சம்மதித்தது. செய்தி வந்த அன்று அவர் ஊருக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கவில்லை, பத்திரிகைக்குப் படம் எடுக்க நிற்கவுமில்லை. வேலைக்குப் போய்விட்டார். அடுத்த தேர்தலில் கட்சி அவர் பெயரைப் பட்டியலின் அடியில் போட்டது; அவர் தெரிவாகவில்லை. அதைப் பற்றி ஒரு குறையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

வளாகம் திறந்த அடுத்த ஆண்டு, வாசலில் அவரைக் கண்டேன். முதுகில் பை. நான் விழித்தேன்.

“என்ன பாக்கிறீர்? படிக்க வந்தனான்.”

“என்ன படிக்கிறியள் அக்கா?”

“பாறை. இவ்வளவு காலம் இந்த நாட்டில பாறைக்கு மேலதானே நடந்து திரிஞ்சனாங்கள். ஒண்டின்ர பெயரும் தெரியாது. கட்டுறதுக்கு எவ்வளவு பாடுபட்டனான், உள்ளுக்கு என்ன நடக்குதெண்டும் ஒருக்காப் பாப்பம் எண்டு வந்தனான்.”

தன் பிள்ளையைவிட இளையவர்களோடு மலையேறிக் கல் உடைத்து, பரீட்சை எழுதி, தேறினார். ஆரணி ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வந்து பார்க்கும்போது வீட்டு ஜன்னல் விளிம்பெல்லாம் கல்லாக இருக்குமாம். “அம்மா, இது முயூசியமோ?” என்று கேட்பாளாம்.

நோய் கண்டபின்னும் நாங்கள் அடிக்கடி சந்தித்தோம். கடைசியாக நான் போனபோது நகரசபையில் வளாகத்தின் மறுபாதி மீண்டும் பேச்சுக்கு வந்திருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

“இப்ப எனக்கு ஒரு யோசினை. பழைய வீடுகளுக்கும் வளர்ச்சி வரியைப் போடலாம். ஆனா இருக்கிற ஆள் கட்டத் தேவையில்லை. வீடு விக்கேக்கை, இல்லாட்டி கைமாறேக்கை எடுத்தால் காணும். ரக்ன்ஹில்டுக்கு ஒரு சதமும் இல்லை.”

“அப்ப அது பிள்ளையளின்ர தலையிலயெல்லோ விடியும்?” என்றேன்.

“அந்தப் பிள்ளையள்தானே உள்ளுக்குப் படிக்கப் போகினம்.”

“எல்லாப் பிள்ளையளும் படிக்கப் போகுதுகளோ? வீடு மட்டும் கிடைக்கிற பிள்ளை என்ன செய்யும்?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். தாதி வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். “அதுக்கு மறுமொழி இருக்கு. இப்ப களைப்பாக் கிடக்கு. அடுத்தமுறை வாரும், சொல்லுறன்,” என்றார். நான் மறுபடி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது, முடியாத அந்த வாதம்தான். வரும் மாதம் எங்கள் சங்கம் கூடுகிறது. இதே யோசனையை யாரோ கொண்டுவருவார்கள். நான் அதை எதிர்ப்பேன், என் காரணங்கள் இன்னும் மாறவில்லை. ஆனால் எதிர்ப்பதற்கு முன்னால் நான் எழுந்து அவர் பக்கத்தைச் சொல்லப் போகிறேன். அவர் சொல்லாமல் போன மறுமொழியையும், என்னால் இயன்றவரை பலமாக, அவர் சொல்லியிருக்கக்கூடிய விதத்தில் சொல்லப் போகிறேன். அது என்னைத் தோற்கடித்தாலும் சரி.